சும்மா இருக்க வந்தவர்

திருப்பதியில் குடியிருப்பவனிடம் உலகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். “எப்ப வந்தா கூட்டம் கம்மியா இருக்கும்?” கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், சாவு வீட்டு வாசலில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். வேலூரில் ஒரு பல் டாக்டர் என் வாய்க்குள் இடுக்கியை விட்டுக்கொண்டு கேட்டார். செவ்வாய், புதன் என்று ஒரு பதிலை நிரந்தரமாக வைத்திருக்கிறேன். அதை நம்பியவர்கள் எல்லோரும் செவ்வாய்க்கிழமை வந்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள்.

அதனால் என் சகலை சென்னையிலிருந்து போன் செய்தபோது பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அவர் கேட்கவில்லை.

“சகல, நாலு நாள் வர்றோம். ஒண்ணும் பண்ணப் போறதில்ல. சும்மா இருக்கப் போறோம்.”

இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் மறுபேச்சில்லாமல் டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டு நாலு நாளைக்கும் வண்டி சொன்னாள்.

சும்மா இருக்க வருகிறவர்கள் ஒரு தனி ஜாதி. வருஷத்துக்கு மூன்று நான்கு பேராவது எங்கள் வீட்டில் இறங்குகிறார்கள். சப்தகிரி எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கும்போதே அடையாளம் தெரிந்துவிடும். தரிசனத்துக்கு வருகிறவனிடம் ஒரு பை இருக்கும். ஓய்வுக்கு வருகிறவனிடம் ஐந்து. பத்து வருஷமாகப் படிக்காத புத்தகங்கள், கழுத்துக்குத் தலையணை, மடக்கு நாற்காலி, தூரத்துப் பறவையைப் பார்க்க பைனாகுலர், பக்கத்துப் பறவையைப் பார்க்க வேறு கண்ணாடி. இவ்வளவையும் தூக்கிக்கொண்டு ஒருவர் படியிறங்குவதைப் பார்த்தால் ஓய்வு என்பது கூலிக்காரர் சங்கத்தில் பதிவு செய்துகொண்டு செய்கிற தொழிலோ என்று தோன்றும்.

என் சகலை இந்த ஜாதியின் தலைவர். ஒரு வங்கியில் தணிக்கைப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ‘ஓய்வு பெற்றவர்’ என்பது அரசாங்கப் பாஷை. ஓய்வை அவர் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டார், பிரித்துப் பார்க்கவில்லை. இன்றும் சட்டைப்பையில் பச்சை மசிப் பேனா இருக்கிறது. டயரியில் கோடு போட்டு நான்கு பத்தி: இடம், நேரம், செலவு, முடிந்தது. வந்த அன்று மத்தியானம் எட்டிப் பார்த்தேன். ‘2.00 – 2.30: ஓய்வு’ என்று இருந்தது. இரண்டு பத்துக்கே அறையைவிட்டு வெளியே வந்தார்.

“முடிஞ்சுதா அண்ணே?”

“முடிஞ்சுது. இருபது நிமிஷம் மிச்சம்” என்று டிக் அடித்தார்.

சும்மா இருக்கும் ஆசை அவருக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று அக்காதான் சொன்னார். என் மனைவியின் அக்கா. நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். போன வருஷம் ஜெர்மனியில் இருக்கும் மகளும் மருமகனும் இவர்களை கிரேக்க நாட்டில் ஹைட்ரா என்கிற தீவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து கப்பல். அந்தத் தீவில் கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது. மூட்டை தூக்கக் கழுதை, கோவேறு கழுதை. கடற்கரையை ஒட்டிக் காபிக் கடைகள். கிழவர்கள் காலையில் ஒரு காபி சொல்லி, கையில் ஒரு மணிமாலையை உருட்டிக்கொண்டு, மத்தியானம் வரை அதே காபியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜபமில்லை, சும்மா உருட்டுவதுதான். மத்தியானம் ஊரே தூங்குகிறது.

“இங்க என்ன பார்க்கணும்?” என்று இவர் மருமகனைக் கேட்டிருக்கிறார்.

“கடல், மாமா.”

திரும்பிக் கடலைப் பார்த்திருக்கிறார். “பார்த்தாச்சு. அடுத்து?”

அடுத்து அங்கே ஒன்றுமில்லை என்பதுதான் அந்தத் தீவின் விசேஷம் என்று மருமகன் விளக்கியிருக்கிறார். மூன்று நாள் இவர் துறைமுகத்தில் வந்து போகும் கப்பல்களின் நேரத்தைக் குறித்து, கால அட்டவணையோடு ஒப்பிட்டு, எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று மருமகனிடம் அறிக்கை கொடுத்தார். திரும்பி வந்து ஒரு வருஷமாக, யார் வீட்டுக்குப் போனாலும், “ஹைட்ரா மாதிரி வரணும் சார். என்ன அமைதி! மனுஷன் அங்கதான் சும்மா இருக்க முடியும்” என்று ஒரே பேச்சு. திருப்பதிக்கு வந்ததும் அந்த ஹைட்ராவை உள்ளூரில் மறுபடி நடத்திக் காட்டத்தான்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சந்நிதியில் பெருமாளைப் பார்க்கக் கிடைக்கிற நேரம் இரண்டு கண் சிமிட்டல். அதற்குள் பக்கத்தில் நிற்பவர், “ஜருகண்டி, ஜருகண்டி” என்று நகர்த்திவிடுவார். தெலுங்கில் வேறு வார்த்தையே தெரியாத தமிழனுக்கும் இது தெரியும். மற்றவர்களை நகர்த்த அங்கே ஆள் வேண்டும். சகலைக்கு ஆளே வேண்டாம். ஜருகண்டியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறார். கபில தீர்த்தத்தில் அருவியின் அடியில் தலையை நீட்டினார், ஈரமானதும் ஜருகண்டி. திருச்சானூரில் தாயாரைச் சேவித்த கையோடு ஜருகண்டி. சந்திரகிரிக் கோட்டையில் ராஜமகால் வாசலில் வழிகாட்டி ஆரம்பித்தார். விஜயநகரத்தின் கடைசிக் காலத் தலைநகரம் சார் இது, இந்த மாளிகையில் மரமே கிடையாது, எல்லாம் கல், செங்கல், சுண்ணாம்பு... அவர் ‘சுண்ணாம்பு’ என்று முடிப்பதற்குள் சகலை டிக் அடித்துவிட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் டிரைவர் ஸ்ரீகாளஹஸ்திக்காரர், நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சார், இவரு எந்த ரயிலைப் பிடிக்கணும்?” என்று கேட்டார்.

இரண்டாம் நாள் ஹார்ஸ்லி மலை. இது என் யோசனை, தவறு என்னுடையது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இடம். திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏனுகு மல்லம்ம கொண்டா என்பது பழைய பெயர். மல்லம்மா என்கிற சிறு பெண் இந்த மலை உச்சியில் இருந்தாள், அவளுக்கு யானைகள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தன என்பது கதை. சும்மா இருந்தால் யானை சோறு போடும் என்று நம்பியிருந்த மலைக்கு, 19ஆம் நூற்றாண்டில் கடப்பா கலெக்டர் ஹார்ஸ்லி வந்தார். கீழே வெயில் தாங்காமல் மேலே வீடு கட்டிக்கொண்டார். கடல் மட்டத்துக்கு மேல் 1,265 மீட்டர். அவர் இங்கே உருப்படியாகச் செய்தது குளுமையாக இருந்ததுதான். அதற்கே மலைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

அந்த மலையில் காலி பண்டா என்று ஒரு பாறை. தெலுங்கில் ‘காலி’ என்றால் காற்று; உச்சரிப்பு கொஞ்சம் வேறு, தமிழ் எழுத்தில் எழுதினால் ‘ஒன்றுமில்லை’ என்று ஆகிவிடுகிறது. இரண்டு மொழிக்கும் பொருந்துகிற இடம். பாறையில் உட்கார வேண்டும், காற்று அடிக்கும், அவ்வளவுதான். வேறொன்றும் கிடையாது. ஆந்திராவில் ஹைட்ரா என்று ஒன்று உண்டென்றால் இதுதான் என்று சொல்லி சகலையை உட்கார வைத்தேன்.

மடக்கு நாற்காலியை விரித்தார். பாறை சாய்வு, நாற்காலி நிற்கவில்லை. நான்கு இடம் மாற்றிப் பார்த்தார். அடியில் கல் வைத்தார். ஒரு வழியாக நின்றது, உட்கார்ந்தார். கீழே பள்ளத்தாக்கு, ஏரிகள், நிழலாக நகரும் மேகம். அக்கா ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைக் காற்றுக்கு விட்டிருந்தார். எனக்கே கொஞ்சம் கண் சொக்கியது.

“சகல.”

“சொல்லுங்கண்ணே.”

“காத்து என்ன வேகம் இருக்கும்?”

தெரியாது என்றேன். போனில் பார்த்தார், சிக்னல் இல்லை. எழுந்து சிக்னலைத் தேடிப் போனார். நாற்காலி காற்றில் மடங்கிக்கொண்டது. நாற்காலிக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்தவர் கையில் காற்றின் வேகமும், மதனப்பள்ளியின் முழு வரலாறும், அங்கிருந்து பார்க்க வேண்டியவற்றின் பட்டியலும் இருந்தன. ரிஷிவேலி பள்ளி, ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் பிறந்த ஊர், தாகூர் 1919-இல் தங்கி ஜன கண மனவை ஆங்கிலத்தில் பெயர்த்த தியசாபிகல் கல்லூரி.

“பார்த்தியா? தாகூர் வந்த இடத்துலகூட சும்மா இல்ல” என்றார், தனக்கு ஒரு முன்னோடி கிடைத்த திருப்தியில்.

தாகூர் எழுதியது ஒரு பக்கம், அதற்குச் சில நாள் எடுத்துக்கொண்டார் என்று சொல்லவந்தேன். அதற்குள் அவர் வண்டியில் இருந்தார். ரிஷிவேலிப் பள்ளத்தாக்கை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்தோம். தேர்வு செய்யாமல் சும்மா கவனிப்பதைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசிய கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி அது. சகலை பைனாகுலர் வழியாக அதன் மரங்களைக் கவனித்தார், ஓடுகிற வண்டியிலிருந்து.

மூன்றாம் நாள் அவராகவே தீவு வேண்டும் என்றார். மலைக்காரர்களிடம் தீவு ஏது என்று நினைக்க வேண்டாம். மாவட்டங்களை 2022-இல் பிரித்தபோது நெல்லூரிலிருந்து சூலூர்பேட்டைப் பக்கமும் எங்கள் திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்துகொண்டது. ஆகவே பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவும் இப்போது எங்களுடையவை. ரொம்ப அமைதியான தீவு. ராக்கெட் கிளம்பும்வரை. ஏவுவதற்கு முன்னால் விஞ்ஞானிகள் ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருமலைக்கு எடுத்துவந்து பெருமாள் காலடியில் வைத்து எடுத்துப் போவார்கள். கவுண்ட்டவுன் வைத்து வாழ்கிறவர்கள்கூட ஒரு நாள் மலையேறி நிற்கிறார்கள் என்று சகலைக்குச் சுட்டிக் காட்டினேன். “எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க?” என்று கேட்டார்.

ஏரியில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழே. தூரத்தில் பூநாரைகள், நூறு நூற்றைம்பது, வெளிறிய ரோஜா நிறத்தில். பாதிக்கு மேல் ஒற்றைக் காலில் நின்றன. கழுத்தைச் சுருட்டி முதுகில் செருகியிருந்தன. எவ்வளவோ தூரம் பறந்து வந்து, வந்த இடத்தில் இன்னொரு காலைக்கூட ஊன்றச் சோம்பல்படுகிற பறவை. சகலை பைனாகுலரைத் திருகித் திருகிப் பார்த்தார்.

“எப்ப பறக்கும்?”

“பறக்கணும்னு தோணினா பறக்கும்ணே.”

ஐந்து நிமிஷம் பொறுத்தார். பிறகு கைதட்டினார். ஒன்றும் அசையவில்லை. ஒரே ஒரு நாரை கழுத்தை வெளியே எடுத்து இவரைப் பார்த்தது, மறுபடி செருகிக்கொண்டது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபங்களில் மூன்றாம் பந்திக்கு உட்கார்ந்தவர்களை முதல் பந்திக்காரர்கள் பார்க்கும் பார்வை. படகுக்காரப் பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சகலை டயரியில் ‘பூநாரை: பார்த்தது’ என்று எழுதினார், டிக் அடிக்கத் தயங்கி ஒரு கேள்விக்குறி போட்டார். தணிக்கைக்காரரிடம் நேர்மை உண்டு.

நாலாம் நாள் திருமலை. முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட் இணையத்தில் மூன்று மாதத்துக்கு முன்பே திறக்கிறது, சந்தையில் முதல் மாம்பழம்போலத் தீர்ந்துவிடுகிறது. இவர் கடிகாரத்தை ரேடியோ நேரத்தோடு சரிபார்த்துக்கொண்டு பத்து மணிக்கு உட்கார்ந்திருக்கிறார். ஆதார் எண்களை இரண்டு தடவை சரிபார்த்து முடிப்பதற்குள் போயே போய்விட்டது. சிபாரிசுக் கடிதத்துக்கு என்னைப் பார்த்தார். நான் திருப்பதிக்காரன், அதனால் எனக்கு மலையில் யாரையும் தெரியாது. ஆக, சர்வ தரிசனம், பொது வரிசை.

அலிபிரியிலிருந்து நடந்தே ஏறினோம். 3,550 படிகள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. உச்சியில் சகலை, “3,548. ரெண்டு குறையுது” என்றார். யாரிடம் புகார் கொடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

பிறகுதான் அது நடந்தது. பையை ஒப்படைக்கிற கவுண்ட்டரில் டயரியும் பச்சைப் பேனாவும் போயின. செல்போனைத் தனியாக வாங்கிக்கொண்டார்கள். “இந்த வாட்ச்?” என்று கேட்டார் சகலை. அடியெண்ணும், நாடி பார்க்கும், தூங்கினால் தூக்கத்தையும் மார்க் போடும் கடிகாரம். அதையும் கழற்றச் சொன்னார்கள். வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவர் வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸுக்குள் நடந்ததை மறக்க மாட்டேன். கம்பார்ட்மென்ட்டுக்குள் எங்களை உட்கார வைத்து, இரும்புக் கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.

முதல் ஒரு மணி நேரம் மின்விசிறிகளை எண்ணினார். அப்புறம் ஆட்களை எண்ணி, நிமிஷத்துக்கு எத்தனை பேர் சந்நிதியைக் கடப்பார்கள் என்று ஒரு எண்ணை வைத்துப் பெருக்கி வகுத்து, “நாலே கால் மணி நேரம்” என்று அறிவித்தார். மணி பார்க்க வழியில்லாததால் அறிவிப்பு அந்தரத்தில் நின்றது. எழுந்து கம்பிக் கதவுவரை போனார், வந்தார். போனார். சேவைக்கு வந்த பெண்மணி ஒருவர் பால் கொடுத்தார். “எப்ப விடுவாங்கம்மா?” “விட்டப்புடு விடுதாரு” என்றார் அவர், பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக. விடும்போது விடுவார்கள். சகலை இந்தப் பதிலை ரொம்ப நேரம் மென்றார். முப்பத்து நான்கு வருஷத்தில் எந்தக் கிளை மேலாளரும் அவரிடம் இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டுத் தப்பித்ததில்லை.

உப்புமா வந்தது. சாப்பிட்டார். சுவரில் சாய்ந்தார். பக்கத்தில் சோலாப்பூர்ப் பக்கத்துக் கிழவர் ஒருவர் துண்டை விரித்துக் காலை நீட்டியிருந்தார். இவரும் நீட்டினார். கிழவர் மராத்தியில் ஏதோ சொன்னார், இவர் தமிழில் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணவில்லை. வெறுமனே பார்த்தார்கள். இந்த மலையில் ஹாத்திராம் பாவாஜி என்று ஒரு வடக்கத்திச் சாமியார் இருந்தார், பெருமாளே ராத்திரியில் எழுந்து வந்து அவரோடு சொக்கட்டான் ஆடுவார் என்று சொல்வார்கள். அவர் பெயரிலான மடத்து மகந்துகள்தான் 1843 முதல் 1933 வரை கோயில் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். சொக்கட்டான் ஆடியவர் பரம்பரைக்குக் கணக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்த வேடிக்கையை சகலையிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை சோலாப்பூர்க் கிழவரின் மூட்டைமேல்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். “கல்யாணத்துக்கப்புறம் இவர் பகல்ல தூங்கி இன்னிக்குத்தான் பார்க்கறேன்” என்றார். குரலை ரொம்பத் தாழ்த்திச் சொன்னார், எழுந்துவிடுவாரோ என்று.

எழுந்த பிறகும் அந்த நிதானத்திலிருந்து இறங்கவில்லை. முதல் மொட்டைக்கு அம்மா மடியில் உட்கார்ந்து வந்த பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். மலைப்பாதை வளைவில் அம்மா கண்ணை மூடிக்கொண்டதும், மொட்டைத் தலையில் சந்தனம் குளிர்ந்ததும். இதில் தேதி கிடையாது, செலவு கிடையாது. கதவு திறந்து கூட்டம் எழுந்தபோது எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டியவர், செருப்பில்லாத காலைத் தடவிக்கொண்டு கடைசியாக எழுந்தார்.

சந்நிதி. கருவறை வாசலில் இருப்பது குலசேகரப் படி. அரச பதவியெல்லாம் வேண்டாம், இந்த வாசலில் ஒரு படியாகக் கிடந்தால் போதும் என்று வேண்டிக்கொண்ட ஆழ்வாரின் பெயர். சகலை அதன் நேர் எதிரே வந்தார். “ஜருகண்டி” என்றார் பக்கத்தில் நின்றவர்.

“கொஞ்சம் இருங்க சார்” என்றார் சகலை.

என் காதால் கேட்டேன். அவர் சொன்னதுதான். நின்றவர் இதையெல்லாம் காதில் வாங்குகிறவர் இல்லை. தோளில் ஒரு தட்டு, வெளியே வந்துவிட்டோம்.

உண்டியல், லட்டு, ஒப்படைத்த சாமான்கள். கடிகாரத்தைக் கட்டியதும் முகத்தில் பழைய ரத்தம் ஏறியது. போனைத் திறந்தார், நேரத்தைக் கணக்கிட்டார்.

“ஒன்பது மணி நேரம் சகல! சுத்தமா வேஸ்ட். இந்நேரம் காளஹஸ்தி, காணிப்பாக்கம் ரெண்டையும் முடிச்சிருக்கலாம்.” டயரியை எடுத்தார். “தலக்கோணா அருவி எத்தனை அடின்னு சொன்னே?”

“270.”

எழுதிக்கொண்டே பஸ்ஸைப் பார்க்க முன்னால் ஓடினார். நானும் அக்காவும் லட்டுப் பையோடு பின்னால் நடந்தோம். அக்கா கொஞ்ச தூரம் பேசவில்லை. பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

“ஏன் தம்பி, இங்க எப்ப வந்தா கூட்டம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்?”

இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. “புரட்டாசி சனிக்கிழமைக்கா” என்றேன்.